கம்பளி போர்த்திய மீன் தொட்டி

எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு ஒரு கோடையில் கம்பளி போர்த்தினோம் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் கம்பளியைக் கண்ணால் பார்த்தாலே வேர்க்கும். அதைப் போய் மீனுக்குப் போர்த்தினோம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்தான். நம் வயதுக்காரர்களிடம் சொல்வது எளிது. தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலம், மில் சங்கைக் கேட்டு உலை வைத்த காலம் என்றெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொல்லும்போது கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெருமைப்படத்தான் சொல்கிறேன்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். அந்த வருஷம் பொங்கலுக்குக் கொஞ்ச நாள் லீவு கிடைத்து வந்தவர், மதுரையில் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வராமல் ஒரு கடைக்குப் போய் மீன் தொட்டி வாங்கிவிட்டார். இரும்புச் சட்டம் போட்டு, கண்ணாடியை மக்கு வைத்து ஒட்டிய தொட்டி. டிரங்குப் பெட்டி பஸ்ஸின் கூரையில் வந்தது, தொட்டி அவர் மடியில் வந்தது. மீன்கள் பாலித்தீன் பைகளில் காற்று அடைத்து, தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து வந்தன. வழி நெடுக டிரைவர் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினாராம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர், கை வலிக்கும் என்று கொஞ்ச தூரம் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாராம். அப்பா இதை வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

இரண்டு தங்க மீன், ஒரு ஏஞ்சல், கரி மாதிரி கறுத்த மோலி மீன்கள் சில. அடியில் ஆற்று மணல். மூலையில் ஒரு பிளாஸ்டிக் சிப்பி, மோட்டார் காற்று ஏற ஏற வாயைத் திறக்கும், ஒரு முட்டைக் குமிழி விடும், மூடிக்கொள்ளும். அந்தச் சிப்பி எங்கே போனது என்று இன்று வரை தெரியவில்லை. அந்த மோட்டாரின் கொர்ர் சத்தமும், புது மக்கின் எண்ணெய் வாடையும் மட்டும் எனக்குள் இருக்கின்றன.

தொட்டியை எங்கே வைப்பது என்று பெரிய யோசனை நடந்தது. கடைசியில் தெருவைப் பார்த்த கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு வைத்தார் அப்பா. காலை வெயில் உள்ளே விழும்போது தங்க மீன்கள் பற்றி எரிவது போல இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. தன் பிள்ளைகள் வீட்டில் தெருவே நின்று பார்க்கிற பொருள் ஒன்று இருக்க வேண்டும். லீவு முடிந்து கிளம்பும்போது, வைகாசியில் பெரிய லீவில் வருவேன், அதுவரை மீனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமும் அக்காவிடமும் சொன்னார். பிறகு பெரியப்பாவிடமும் போய் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

பெரியப்பா அப்பாவுக்கு வெகுவாக மூத்தவர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சோழபுரத்துப் பக்கம் இருந்த வயலையும் எங்கள் வீட்டையும் அவர்தான் கவனித்துக்கொண்டார். காலையில் வயலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார். அம்மா அவர் முன்னால் வந்து நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "பெரியப்பாவைக் காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்பாள். பெரியப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஒரு தடவை திருப்பிச் சொன்ன பிறகுதான் உட்காருவார். அவருடைய பதிலும் என் வழியாகவே அம்மாவுக்குப் போகும். அது மரியாதை என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் வீட்டில் இல்லாத நேரம் வந்தால் காப்பி இல்லாமலே போய்விடுவார்.

மீன் பார்க்க வந்தவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. ஆளுக்கு ஒரு கை பொரி போட்டார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு பேசும் அம்மா தினமும் ஒரு இட்லித் துண்டோடு வருவார். நாங்களும் போட்டோம். மீன் வாயைத் திறந்து திறந்து மூடும்போது பசிக்கிறது என்றுதானே தோன்றும்?

மாசி பிறந்ததும் தண்ணீர் லேசாக மங்கியது. முதலில் கண்ணாடிதான் அழுக்கு என்று துடைத்தோம். பிறகு வெளிர்ப் பச்சை, அப்புறம் வேப்பிலையை அரைத்துக் கரைத்த மாதிரி. பங்குனி பிறந்தபோது சிப்பி தெரியவில்லை. மீன்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு வந்தால் மட்டும் ஒரு நிழல் தெரியும். தெருவில் நின்று பார்த்தவர்கள் இப்போது மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

பெரியப்பா பார்த்தார். தண்ணீரை மாற்று என்றார். ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட்டு, மணலைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு வாரம் பளிச்சென்று இருந்தது. மறுபடி பச்சை. மறுபடி கொட்டினோம். ஒவ்வொரு தடவையும் பச்சை முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. இறைத்து இறைத்து அம்மாவின் உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பு விழுந்தது. கடைசியில் ஒரு நாள் பெரியப்பா ஒரு பொட்டலத்தில் பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தானே தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். போலீஸ் ஸ்டேஷனில் பானை கழுவியது அப்படித்தான் என்றார். வீடு முழுக்க அந்தக் காரநெடி. அலசிவிட்டு மீனை விட்டோம். சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ஏஞ்சலும் ஒரு தங்க மீனும் மல்லாந்து மிதந்தன.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. செத்த மீனைக் கையில் எடுத்து, செவுளைத் திறந்து பார்த்தாள். மறுநாள் காலையில் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, மலிவு மீன், அதான் தாங்கவில்லை என்றார். அவர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் வெகுகாலம் இருந்தது. தம்பி நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் தன் கையாலேயே கெட்டுப்போனதில் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்பது, பிறர் பொருளை நானும் காவல் காத்த வயதில்தான் புரிந்தது.

சித்திரையில் தண்ணீர் மறுபடி பச்சையானது. பெரியப்பா இந்தத் தடவை மாற்றச் சொல்லவில்லை. வீட்டுக்குள் பாசி பிடித்த தண்ணீர் ஆகாது, கொசு வரும், காய்ச்சல் வரும், மீனைக் கண்மாயில் விட்டுவிட்டு தொட்டியை மச்சில் கவிழ்த்து வைத்துவிடலாம், தம்பியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். அக்கா அப்போதுதான் பத்தாவது பரீட்சை எழுதியிருந்தாள். சயின்ஸ் குரூப் படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். பெரியப்பா, பொம்பளைப் பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம், பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் சேரட்டும் என்றார். அம்மா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். தொட்டி, படிப்பு, இரண்டும் ஒரே காலையில் முடிந்துபோன மாதிரி இருந்தது.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டில் காதுகுத்து. மாமா வீட்டுக் கொல்லையில் மாடு குடிக்க ஒரு சிமெண்ட் தொட்டி, வெயிலில் திறந்து கிடக்கும். அதை ஒட்டியே குளிக்க இன்னொரு தொட்டி, அதன் மேல் கடப்பைக் கல் பாவி, மொண்டு எடுக்க மட்டும் ஒரு சின்னத் திறப்பு. பந்தியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவைக் காணவில்லை. தேடிப் போனேன். பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கை மாட்டுத் தொட்டியில், ஒரு கை குளிக்கிற தொட்டியில் விட்டபடி நின்றாள். மாட்டுத் தொட்டித் தண்ணீர் எங்கள் வீட்டுப் பச்சையேதான். குளிக்கிற தொட்டியில் அவளுடைய கண்ணாடி வளையல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

கை கழுவ வந்த மாமாவிடம் இரண்டும் எந்தத் தண்ணீர் என்று கேட்டாள். ஒரே கிணற்றுத் தண்ணீர்தான், ஒரே நாளில்தான் நிரப்பினோம் என்று சொல்லிவிட்டு, சாப்பிட வராமல் இங்கே என்ன வேலை என்று கேட்டார் மாமா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அவள் அப்படிச் செய்தால் பெரிதாக ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி, இரண்டிலும் மீன் தொட்டித் தண்ணீரை மொண்டாள். ஒன்றை ஜன்னல் திண்டில் வைத்தாள். மற்றதை அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். என்னைத் திறக்கக் கூடாது என்று மிரட்டினாள். பெட்டிக்குள் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்த அம்மா, துணியில் கொட்டினால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்றாளே தவிர, எடு என்று சொல்லவில்லை.

சில நாள் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஜன்னல் பாட்டில் இன்னும் அடர்ந்திருந்தது. பெட்டிக்குள் இருந்த பாட்டிலின் அடியில் பச்சைப் பொடி மாதிரி ஒரு படிவு, அதற்கு மேலே தண்ணீர் அப்படியே தெளிந்து நின்றது. அக்கா அதை ஆட்டாமல் அடுப்படிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இது அழுக்கு இல்லம்மா. செடி மாதிரி. வெயில் இல்லாட்டா செத்துப்போகுது. நாம போடுற தீனியும் வெயிலும்தான் அதுக்குச் சோறு" என்றாள் அக்கா.

அம்மா உள்ளே போனாள். அப்பாவின் ராணுவக் கம்பளியை எடுத்து வந்து கொடுத்தாள்.

ஜன்னலை அடைத்தோம். தொட்டியைச் சுற்றிக் கம்பளியை இரண்டாக மடித்துப் போர்த்தி, கயிற்றால் கட்டினோம். காற்று மோட்டாரின் குழாய்க்கு மட்டும் மேலே ஒரு சின்ன இடைவெளி. பொரி, இட்லி எல்லாம் அறவே கிடையாது. கம்பளியின் நாப்தலின் வாடையும் பாசி வாடையும் கலந்து முன்னறையில் நின்றது.

மறுநாள் காலையிலேயே பெரியப்பா, தொட்டியைத் தூக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கம்பளியைப் பார்த்ததும் புருவத்தை நெரித்தார்.

"என்னலே இது கூத்து? அவுத்து எடு" என்று கூட வந்தவரிடம் சொன்னார்.

அந்த ஆள் கயிற்றில் கை வைத்தார். அக்கா தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். நான் வழக்கம்போலக் கதவைத் திரும்பிப் பார்த்தேன், அம்மா ஏதாவது சொன்னால் எடுத்துச் சொல்வதற்காக. அம்மா கதவுக்குப் பின்னால் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னறை நடுவில் வந்து நின்றாள்.

"அத்தான், செத்த பொறுங்க" என்றாள். குரல் சின்னதாகத்தான் இருந்தது. "பிள்ளை ஒண்ணு செஞ்சு பாக்கா. நானும் பாத்தேன், சரியாத்தான் படுது. அவிய வாங்கிக் குடுத்த பொருளு. தெளியலேன்னா நானே காலி பண்ணித் தாரேன்."

பெரியப்பா அம்மாவின் குரலைத் தன்னிடம் நேராகப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, கம்பளியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூட வந்தவரிடம், "வா, வயலுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை அம்மா அங்கேயே நின்றாள். அப்புறம் என்னிடம் தண்ணீர் கேட்டு, ஒரு செம்பு முழுக்கக் குடித்தாள்.

தெரு சும்மா இருக்குமா? மீனுக்குக் குளிர்க் காய்ச்சலாக்கும் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு. எனக்குக் கம்பளியைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கை அரித்தது. அக்கா மட்டும் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓரத்தை விலக்கிப் பார்த்துவிட்டு மூடுவாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. செத்த நேரத்தில் வரும் என்று இருந்தோம், வரவில்லை. அக்கா கம்பளியின் மேல்பக்கத்தை விலக்கிப் பார்த்துவிட்டு வெளிறிப்போனாள். மீன்கள் எல்லாம் மேலே வந்து, தண்ணீர் விளிம்பில் வாயை வைத்துக் காற்றுக்குத் தவித்தன. பாசி சாகும்போது தண்ணீர் காற்றையெல்லாம் தின்றுவிடும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. கண்ணால் பார்த்ததை வைத்து, காற்றுத்தான் இல்லை என்று ஊகித்தாள்.

"ஏட்டி, சொம்பை எடு" என்றாள்.

தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி, அதே தொட்டிக்குள் மெல்ல ஊற்றினோம். மொண்டு, ஊற்றி, மொண்டு, ஊற்றி. டீயை ஆற்றுகிற மாதிரி. என் கை சோர்ந்தால் அம்மா, அம்மா அடுப்படிக்குப் போனால் அக்கா. மில் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்த ஆட்கள் தெருவில் போகிற சத்தம் கேட்டது. வெயில் மேற்கு மலைப் பக்கம் சாய்ந்தது. தோள்பட்டை கழன்று விழும் போல இருந்தபோது மோட்டார் கொர்ர் என்றது. மூன்று பேரும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

கம்பளியை அவிழ்த்த காலையில் பெரியப்பா வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்றார். அக்கா கயிற்றை அவிழ்த்தாள். கம்பளி விழுந்தது.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் மணல் மேல் பச்சைத் தூள் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. சிப்பி வாயைத் திறந்து குமிழி விட்டது. மிச்சமிருந்த தங்க மீன் வெளிச்சத்தில் கூசினாற்போல நின்றது. கறுப்பு மோலிகள் சுற்றி வந்தன. நான் கை தட்டப் போனேன். அதற்குள் பெரியப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏத்தா, இது என்ன?" என்றார்.

சிப்பிக்குப் பின்னால், கடுகைத் தூவினாற்போல, கறுப்பாகக் குட்டிக் குட்டி மீன்கள். எள்ளுக்கு வால் முளைத்தது மாதிரி. ஒன்று அசைந்தால் எல்லாம் அசைந்தன. மோலி குட்டி போடும் என்றே எங்களுக்குத் தெரியாது. பச்சைத் தண்ணீருக்குள் பெரிய மீன்களின் கண்ணுக்குத் தப்பி, அந்தப் பச்சையிலிருந்தே எதையோ தின்று வளர்ந்திருக்கின்றன. கேடு என்று நாங்கள் எல்லாரும் ஏசிய தண்ணீர் அவற்றுக்குத் தொட்டிலாக இருந்திருக்கிறது.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார் பெரியப்பா.

"பச்சையா இருக்கையிலேயே இருந்திருக்கும் பெரியப்பா" என்றாள் அக்கா.

அவர் வெகுநேரம் நிமிரவில்லை. "அப்படின்னா, நான் கொட்டச் சொன்ன தண்ணியோட எம்புட்டுப் போச்சோ" என்றார். யாரிடமும் இல்லை, கண்ணாடியிடம் சொல்கிற மாதிரி. அம்மா காப்பி கொண்டுவந்து அவர் கையில் நேராகக் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார். நடுவில் நான் தேவைப்படவில்லை.

அதோடு பாசி ஒழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி அடியில் இருந்த தூளை எடுத்தோம், ஒரு மடக்கு எனக்கு உள்ளே போய்விட்டது, அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. தொட்டியை வெயில் படாத உள்சுவர் பக்கம் மாற்றினோம். வருகிறவர்கள் யாரும் தீனி போடக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டாள். எதிர்வீட்டு அம்மா ரொம்ப நாள் வருத்தமாக இருந்தார். கண்ணாடியில் அவ்வப்போது பச்சை கட்டும், பழைய துணியால் வழித்து எடுப்போம். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல், கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஊற்றுவோம். அவ்வளவுதான். தண்ணீரில் அந்தப் பச்சை பிறகு வரவே இல்லை.

வைகாசியில் அப்பா வந்தார். ஏஞ்சல் எங்கே என்று கேட்டார். பெரியப்பாதான், நான் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன், செத்துப்போச்சு என்று தன் வாயாலேயே சொன்னார். அப்புறம் காதுகுத்து, பாட்டில், கம்பளி, கரண்ட் போன மத்தியானம் என்று ஒன்று விடாமல் அவரே சொன்னார். கரண்ட் போன மத்தியானம் அவர் எங்கள் வீட்டில் இல்லவே இல்லை, இருந்த மாதிரியே சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டார், பிள்ளையை என்ன பண்ணலாம் என்று.

"படிக்க வைக்க வேண்டியதுதான். டைப்ரைட்டிங்ல இதெல்லாம் எங்க இருக்கு?" என்றார் பெரியப்பா.

அக்கா பிறகு விலங்கியல் படித்தாள். கல்லூரியில் பாடம் நடத்தினாள். இப்போது ஓய்வு பெற்று மகனோடு இருக்கிறாள். அவளிடம் படித்தவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். அதையெல்லாம் அவள் சொல்வதில்லை, நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது, அக்கா பிளஸ் ஒன்னுக்குக் கிளம்பிய முதல் நாள் காலை. அப்பா லீவு முடிந்து போய்விட்டார். நானும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனோம். எங்களுக்கு முன்பே பெரியப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். வயலுக்குப் போகிற அழுக்கு வேட்டி இல்லை, கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் அவர் ஏறினார். ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்து அக்காவை உட்கார வைத்தார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார். ஸ்டேஷனில் பேசிப் பழகிய குரல், பஸ் முழுக்கக் கேட்டது.

"இது எங்க வீட்டுப் பிள்ளை. தினம் இந்த வண்டியிலதான் வரும். சயின்ஸ் படிக்கப் போகுது."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா இறங்கி வந்து, பஸ் கிளம்பும் வரை ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.